ஈயப்பட்டிப் பேருந்து

ஈயப்பட்டிக்குத் தினமும் காலையில் ஒரு பேருந்து வரும். ஓட்டுநர் கிடையாது, நடத்துநர் கிடையாது, பயணியும் கிடையாது. வேப்பமரத்தடியில் தானாக வந்து நிற்கும். கதவு திறக்கும். "தெளிபுரம் செல்லும் பயணிகள் ஏறிக்கொள்ளவும்" என்று ஒரு பெண்குரல் அழைக்கும். ஈயப்பட்டிக்காரர் ஒருவரும் தெளிபுரத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்பது அந்தக் குரலைத் தவிர எல்லாருக்கும் தெரியும். எந்தக் குடியிருப்புக்கும் நாளுக்கு ஒரு பேருந்தாவது விட வேண்டும் என்பது ஒரு சட்டம். இவர்களை உள்ளே விடக்கூடாது என்பது இன்னொரு சட்டம். இரண்டையும் தெளிபுரத்து நீர்மன்றம் ஒரு குறையும் வைக்காமல் நிறைவேற்றி வந்தது.

மரத்தடிக்கு எதிர்வீடு கீர்த்திகாவுடையது. வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "யாரும் இல்லம்மா, போய்ட்டு வா" என்பாள் பேருந்திடம். கதவு மூடிக்கொள்ளும். பல நாட்களில் அவள் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு அதுதான். சில நாட்களில் கடைசிப் பேச்சும் அதுதான். இதை யாரிடம் சொல்லி அழுவது? பேருந்திடம்தான் சொல்ல வேண்டும்.

ஈயப்பட்டி என்பது நாமாக வைத்துக்கொண்ட பெயர். காகிதத்தில் 'பாலாற்றுத் தூய்மைப் பணியாளர் ஓய்வுக் குடியிருப்பு'. அவ்வளவு நீளத்தை வாயில் வைத்துக்கொண்டு யார் திரிவது? ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு ஆள் இருந்தது. இப்போது முக்கால்வாசி வீடு பூட்டு. கீர்த்திகாவின் கணவர் முரளி சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. அடுத்த தெருவில் பர்வீன் அக்கா இருக்கிறாள். மூட்டுவலி. வாரத்துக்கு இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். மற்றவர்கள் கதவைத் திறப்பதே குறைவு.

இத்தனைக்கும் பாலாற்றுக்கு உயிர் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அந்தக் காலத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியமும், பழைய பேட்டரி உடைக்கும் பட்டறைகளின் ஈயமும் சேர்ந்து, ஆற்றங்கரைக் கிணற்றில் வாளி விட்டால் வாளியே துருப்பிடிக்கும் நிலை. அப்போது வந்தது ஈர்கூழ். புளியங்கொட்டை மாவு, கொத்தவரைப் பிசின், வெண்டைக்காய்க் கோழை மூன்றையும் காய்ச்சி உறைய வைத்தால் வழுவழுவென்று ஒரு கட்டி கிடைக்கும். அதை வலைப்பையில் கட்டிக் கழிவுநீரில் தொங்கவிட்டால் தண்ணீரைப் போகவிட்டு உலோகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். நிறைந்ததும் அமிலநீரில் போட்டுப் பிழிந்தால் பிடித்ததைக் கக்கிவிடும். கழுவி மறுபடி தொங்கவிடலாம். பார்க்க அச்சு அசல் நுங்கு மாதிரி இருந்ததால் ஈர்கூழ் என்ற பெயர் ஆய்வகத்தோடு நின்றுபோய், ஊர் முழுக்க நுங்கு என்றே பேச்சு. நுங்கு போடுகிறவர்கள், நுங்கு பிழிகிறவர்கள், நுங்குக் கொட்டகை. பட்டயப் படிப்பு முடித்த கையோடு கீர்த்திகா கொட்டகையில் பதம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் வாலிபம் முழுக்க அந்தக் கொட்டகையில் போயிற்று.

நுங்கும் ஒருநாள் கிழடாகும். பிழிந்து பிழிந்து நார்நாராகப் போனதை வெயிலில் காய வைத்து ஓரமாகக் கொட்டிவிடுவார்கள். அது நன்றாக எரியும் என்று யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, தெரியாது. ஆளுக்கொரு கூடை வீட்டுக்குப் போயிற்று. நுங்கு வறட்டி! அடுப்பு மூட்ட, வெந்நீர் போட. எரியும்போது புளியங்கொட்டை வறுக்கிற வாசனை வரும். பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்படியைச் சுற்றும். பிழிந்தபின் உலோகம் ஏது என்பது எல்லாருடைய நினைப்பும். பொடிக்கும் பொடியாக உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது புகையாக எழும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. செடியில் காய்த்ததும் மரத்தில் காய்த்ததும்தானே, எரித்தால் என்ன? இப்படித்தான் ஆற்றில் இருந்த ஈயம் மெல்ல மெல்ல ஊருக்குள் வந்து, மூக்கு வழியாக உடம்பில் ஏறி, எலும்பில் போய் உட்கார்ந்தது. எலும்புக்கு ஈயத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் வித்தியாசம் தெரியாது. வந்ததை வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஆறு தெளிந்தது. ஆற்றங்கரையில் தெளிபுரம் எழும்பியது. வெளித்தண்ணீரே வேண்டாத ஊர் அது. குடித்த தண்ணீர், குளித்த தண்ணீர், கழித்த தண்ணீர் எல்லாம் நுங்குப் படுகைகளின் வழியாகத் திரும்பக் குழாய்க்கு வந்துவிடும். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால், உலோகம் துளி விழுந்தாலும் போக்கிடம் இல்லை, சேர்ந்துகொண்டே போகும். அப்படித் துளித்துளியாக விடுவது யார் என்று துருவியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆலைகள் இல்லை, பட்டறைகள் இல்லை. நுங்கு பிழிந்தவர்கள்தான். அவர்கள் உடம்பிலிருந்து வெளியேறுகிற நீர்தான். ஆற்றைத் தூய்மை செய்தவர்களே கடைசி அழுக்காகிப் போனார்கள்! ரத்தத்தில் இருப்பதை மருந்தால் எடுக்கலாம். எலும்பில் இருப்பதை எடுக்க எலும்பையே அல்லவா எடுக்க வேண்டும்? நீர்மன்றம் யோசித்தது. வீடு கட்டிக் கொடுத்து, ஓய்வூதியம் கொடுத்து, ஆற்றின் எதிர்க்கரையில் குடியமர்த்தியது.

கீர்த்திகாவின் மகள் ஆதிரை அப்போது தெளிபுரத்து விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். நகரவாசல் தொட்டியில் இருக்கும் நுங்கில் எல்லாரும் உள்ளங்கையை வைக்க வேண்டும். வியர்வையில் ஈயம் இருந்தால் நுங்கும் சிவக்கும், கையும் சிவக்கும். ஆதிரை வைத்தபோது சிவக்கவில்லை. நகரத்துக் குடிமகள் ஆனாள், வேலை கிடைத்தது, கவின் என்ற பையனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தைக் கீர்த்திகா திரையில் பார்த்து அட்சதையை வீட்டுச் சுவர் மேல் போட்டாள்.

கல்யாணம் முடிந்து ஒரே ஒரு தடவை ஆதிரை இங்கே வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பது நம்முடைய வழக்கம். கீர்த்திகாவும் புதுச்செம்பைப் புளிபோட்டுத் துலக்கித் தண்ணீர் வைத்தாள்.

"இல்லம்மா, நான் எடுத்துனு வந்திருக்கேன்" என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள் மகள். "திரும்பிப் போறப்போ வாசல்ல கை வைக்கணும். தப்பா எடுத்துக்காத."

"இதுல இன்னாடி தப்பு?" என்று சொல்லிவிட்டாள் கீர்த்திகா. மகள் வந்த வாடகை வண்டி திரும்பிப் போனபிறகு அந்தச் செம்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள்.

இப்போது ஆதிரைக்கு வயிற்றில் பிள்ளை. நிறைமாதம் நெருங்குகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் உலகத்து வழக்கம். வளைகாப்புப் போட்டுத் தாய் மகளை அழைத்துக்கொண்டு வர வேண்டும். இங்கே எப்படி அழைப்பது? "எங்க வழக்கத்துல மாமியார் ஊட்டுலயும் பாக்கலாம் சம்பந்தி" என்று கவினின் அம்மா திரையில் இனிக்க இனிக்கச் சொன்னாள். நேற்றுவரை இல்லாத வழக்கம்! கீர்த்திகா தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்ய? ஆனால் மனசு கேட்கவில்லை. மகள் வலியில் கத்தும்போது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அந்த ஒன்று போதும். பிறகு உலகத்தில் எது எப்படிப் போனாலும் சரி.

அந்தச் சமயத்தில்தான் தெளிபுரத்து வாசல் அதிகாரி ஜெயசீலன் திரையில் அழைத்தார். கெட்டவர் இல்லை. பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவார்; அதிகாரிகளில் அது அபூர்வம்.

"கீர்த்திகாம்மா, ஒரு சிக்கல். நகரத்துத் தண்ணியில திரும்ப ஈயம் ஏறுது. கொஞ்சம்தான், ஆனா மாசாமாசம் கூடுது. எங்கேர்ந்து வருதுன்னே புரியல. வெளியிலேர்ந்து யாரோ ஏமாத்திட்டு வந்து போறாங்கன்னு மன்றம் நெனைக்குது. வாசல் நுங்கு இன்னும் கூர்மையா வேணும்."

"ஆய்வகத்துல பெரிய பெரிய ஆளுங்க கீறாங்களே சார்?"

"சூத்திரம் அவங்க போட்டுட்டாங்க. ஈயம் பட்டா செவக்கற நெறங்காட்டியைப் பத்து மடங்கு ஏத்தியிருக்காங்க. ஆனா நுங்கு உறையவே மாட்டேங்குது. திரிஞ்சு தண்ணி விடுது. நுங்குக்குப் பதம் பாக்கறவங்க இப்ப நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

கீர்த்திகா எழுந்து தெருக்கதவைச் சாத்தினாள். பிறகு, தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி, "எனக்கு ஒண்ணு வேணும் சார்" என்றாள்.

"சொல்லுங்க."

"பொண்ணு பிரசவத்துக்கு அவ ஊட்ல தங்கணும். கழிவறைக்குத் தனித்தொட்டி வச்சுக்கறேன். தண்ணிகூட இங்கேர்ந்து எடுத்துனு வர்றேன். ஒரு சொட்டு உங்க குழாயில கலக்காது."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல. நுங்கு நல்லா வந்தா நான் மன்றத்துல பேசறேன். வாங்கித் தர்றேன்."

அன்றிலிருந்து கீர்த்திகா வேறு ஆளானாள். பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறந்து ஒட்டடை அடித்தாள். ஆய்வகம் அனுப்பிய நிறங்காட்டி ஊதாப் பொடியாக இருந்தது. காய்ச்சினாள். திரிந்தது. சூட்டைக் குறைத்தாள். திரிந்தது. பர்வீன் அக்கா கொட்டகை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு பூண்டு உரித்தபடி வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாடி கீர்த்தி, மாப்ள ஊட்டுக்கு விருந்துக்குப் போறவ மாதிரி ஒரே பரபரப்பு?"

"பேரப்புள்ளைய முதல்ல யாரு தூக்கறதுன்னு கீதுல்லக்கா? அந்த சம்பந்தியம்மா தூக்கிடக்கூடாது."

"யா அல்லா! அதுக்கா இந்தப் பாடு? தூக்கு தூக்கு. எனக்கும் சேத்துத் தூக்கு."

பர்வீன் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் தெளிபுரத்தில். பெருநாளைக்குத் திரையில் வருவார்கள். அதைப் பற்றி அவள் பேசமாட்டாள்.

கடைசியில் கோழையில்தான் சூட்சுமம் இருந்தது. வெண்டைக்காய்க் கோழையை முதலில் சேர்த்ததுதான் தப்பு. பொடியைக் கோழையில் ஊறவிட்டு, மாவு பாதி உறையும் நேரத்தில் ஊற்றி, ஈரச் சாக்கால் மூடி ஆறவிட்டால் திரியவில்லை. மறுநாள் சாக்கை விலக்கினபோது நுங்கு பளிங்கு மாதிரி நின்றது. கீர்த்திகா தன் சுண்டுவிரல் நுனியைத் தொட்டும் தொடாமலும் வைத்தாள். பழைய நுங்கு அவள் கைக்கு வெளிர்சிவப்புதான் காட்டும். இது ரத்தமாகச் சிவந்தது. நீ இன்னார் என்று அவ்வளவு பச்சையாகச் சொல்லிவிட்டதே என்று ஒரு கணம் சுருக்கென்றது. அடுத்த கணமே சந்தோஷம் பொங்கியது. ஜெயித்துவிட்டாள்!

நுங்குத் தொட்டிகள் தெளிபுரத்துக்குப் போயின. நான்கைந்து நாளில் கைபேசியில் சேதி வந்தது. 'திருமதி கீர்த்திகா முரளி, தெளிபுரத்தில் பிரசவகாலம் முடியத் தங்க அனுமதிக்கப்படுகிறார்.' அவள் அதைப் பர்வீன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினாள். திரும்பவும் வாசித்தாள். ஆதிரைக்கு அழைத்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வளைகாப்பு, வேலை இருக்கும். சரி, நேரில் போய் நிற்போம், திகைத்துப்போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை குளித்து, பட்டு என்று இருந்த ஒன்றைக் கட்டி, இரண்டு கேன் தண்ணீரும் ஒரு பெட்டியும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள். வழியனுப்ப பர்வீன் அக்கா வந்திருந்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பேருந்துக்காக யாரும் காத்துநின்றது அதுவே முதல் தடவை.

பேருந்து வந்தது. கதவு திறந்தது. கீர்த்திகா பெட்டியைத் தூக்கினாள். பெண்குரல், "இறங்குபவர்களுக்கு முதலில் வழி விடவும்" என்றது.

இறங்குபவர்களா? அப்படி ஒரு வாக்கியம் அதற்குத் தெரியும் என்பதே ஈயப்பட்டிக்குத் தெரியாது.

படியில் ஆதிரை நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, மறுகையால் கம்பியைப் பிடித்து இறங்கினாள். தோளில் ஒரு துணிப்பை. அதில் கண்ணாடி வளையல்கள் கிலுகிலுத்தன. கீர்த்திகாவுக்குக் கண் மங்கியது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததே! மாமியார் மனம் இரங்கி அனுப்பிவிட்டாளா? வளைகாப்பை முன்னமே முடித்துவிட்டார்களா? அதோ, உள்ளங்கை நிறைய மருதாணிகூட வைத்திருக்கிறாள்.

"வாடி என் தங்கமே! மருதாணி எப்படிப் பத்தியிருக்குது பாரு" என்று கையைப் பிடித்தாள்.

"மருதாணி இல்லம்மா" என்றாள் ஆதிரை.

கீர்த்திகா அந்தக் கையைப் பார்த்தாள். புள்ளியும் இல்லை, கோலமும் இல்லை. உள்ளங்கை முழுவதும் ஒரே சீராகச் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியும். சில நாள் முன்னே தன் சுண்டுவிரலில் பார்த்த அதே சிவப்பு.

ஆதிரை வளையல் வாங்க நேற்று வெளியே பழைய பஜாருக்குப் போயிருக்கிறாள். கண்ணாடி வளையல் நகரத்துக்குள் கிடைக்காது. திரும்பும்போது வாசலில் வழக்கம்போலக் கை வைத்திருக்கிறாள். கதவு திறக்கவில்லை. கைபேசியை வாங்கிக்கொண்டு, உள்ளே விடாமல் ஓர் அறையில் உட்கார வைத்து, காலையில் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.

"கவின் எங்கடி?"

"வாசலுக்கு அந்தப் பக்கம் நின்னான். சனிக்கிழமை வர்றேன்னான்." ஆதிரை தலையைக் குனிந்துகொண்டாள். "வந்தா திரும்பிப் போறப்போ அவனையும் சோதிப்பாங்க இல்ல? யோசிச்சுட்டு வர்றேன்னு சொன்னான்."

பேருந்து, "தெளிபுரம் செல்லும் பயணிகள் ஏறிக்கொள்ளவும்" என்றது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கதவு மூடிக்கொண்டு போயிற்று.

மகளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, கொல்லைப்புறம் போய் ஜெயசீலனை அழைத்தாள் கீர்த்திகா. அவர் எடுக்கவே நேரமாயிற்று.

"சார், எம்பொண்ணு சுத்தமானவ. எத்தினி தடவை அந்த வாசல்ல கை வச்சிருக்கா!"

"தெரியும்மா. இப்பதான் டாக்டருங்க சொல்றாங்க. சின்ன வயசுல ஏறின ஈயம் எலும்புல தூங்கிட்டே இருக்குமாம். பழைய நுங்குக்குத் தெரியாதாம். வயித்துல புள்ள வந்தா, அதுக்கு எலும்பு கட்டத் தாயோட எலும்பு கரையும். அப்ப சுண்ணாம்போட ஈயமும் முழிச்சுக்கிட்டு ரத்தத்துக்கு வருமாம்."

கீர்த்திகாவின் கண்முன் கொல்லை அடுப்பு வந்தது. நுங்கு வறட்டி சடசடவென்று எரிகிறது. வெந்நீர் அண்டாவைச் சுற்றி அரைக்கச்சை இல்லாமல் ஓடுகிறாள் குட்டி ஆதிரை. "அம்மா, வாசன! வாசன!"

"புள்ளைக்கு?" என்றாள்.

"இப்பவே தெரிஞ்சது நல்லதுங்கறாங்க. கேழ்வரகு, தயிர், பால், எதுலெல்லாம் சுண்ணாம்புச் சத்து இருக்கோ அதெல்லாம் நெறைய குடுக்கணுமாம். வெளியிலேர்ந்து கெடைச்சா தாய் எலும்புலேர்ந்து எடுக்கறது கொறையுமாம். மருந்தும் அனுப்பறேன். தெரியாமலே விட்டிருந்தா..." அவர் பாதியில் நிறுத்தினார். "அம்மா, இன்னொண்ணு. உங்க பொண்ணு மட்டும் இல்ல. நேத்திலேர்ந்து வாசல்ல பாதிப் பேருக்குச் செவக்குது. வயசானவங்களுக்கு எலும்பு தேயறப்பவும் வெளிய வருமாம். இந்த ஆத்தங்கரையில வளந்த யாருக்கு இல்ல அது? தண்ணியில ஏறினது வெளியாளுங்க ஈயம் இல்ல. எங்களோடதுதான். இனிமே வீடு வீடாச் சோதிக்கச் சொல்லி மன்றம் உத்தரவு போட்டிருக்கு."

"சார், நீங்க கை வச்சுப் பாத்தீங்களா?"

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

"இன்னும் இல்லம்மா" என்றார் மெதுவாக.

மாலையில் பர்வீன் அக்கா கேழ்வரகுக் கூழும் தயிருமாக வந்து சேர்ந்தாள். வளையல்களைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்குடி காத்திருக்கணும்? தாய் ஊட்டுக்கு வந்துட்டா இல்ல, போடு இப்பவே" என்றாள். ஐந்து வகைச் சோற்றுக்கு எங்கே போவது? தயிர்ச்சோறு ஒன்றுதான். மஞ்சளும் சந்தனமும் பூசினார்கள். சிவந்த கையில் பச்சை வளையலும் சிவப்பு வளையலும் ஏறின. ஆதிரை சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தாயின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கீர்த்திகா அவள் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தக் கைக்கு இந்த வேலை! வெட்கக்கேடு என்னவென்றால், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிற்றுப் பிள்ளையை நினைத்தால் பயமாக இருக்கிறது. மடியில் கனக்கிற தலையை நினைத்தால் நெஞ்சு குளிர்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது.

"புது நுங்காம்மா" என்றாள் ஆதிரை கண்ணை மூடிக்கொண்டே. "பழசுன்னா இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பேன். என் ஊட்ல பெத்திருப்பேன். எவ செஞ்சாளோ, அவ கை வெளங்காமப் போக!"

கோதிக்கொண்டிருந்த கை நின்றது.

மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பர்வீன் அக்கா சுவரைப் பார்த்தாள். கீர்த்திகா சொல்லாமல் இருந்திருக்கலாம். பர்வீன் அக்கா நாக்கை அறுத்தாலும் சொல்லமாட்டாள். ஜெயசீலனும் சொல்லப் போவதில்லை. ஆனால் இத்தனை வருடம் பேச ஆளில்லாமல் கிடந்தவளுக்கு, ஆள் வந்த முதல் நாளே ஒன்றை மறைத்துவைத்துப் பேச மனம் வரவில்லை.

"நான்தாண்டி செஞ்சேன்" என்றாள்.

"இன்னாது?"

"அந்த நுங்கு. செஞ்சு குடுத்தா உன் பிரசவத்துக்கு வந்து தங்க விடறேன்னாங்க. உன்கிட்ட வரணும்னுதான் செஞ்சேன்."

ஆதிரை எழுந்து உட்கார்ந்தாள். தாயின் பட்டுப்புடவையைப் பார்த்தாள். அப்போதுதான் அது அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள், இரண்டு தண்ணீர் கேன்களைப் பார்த்தாள். கேன்கள் எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. கீர்த்திகா அடி விழட்டும் என்று காத்திருந்தாள்.

"உன் தண்ணியக்கூட நீயே எடுத்துனு வர்றதா இருந்தியா?" என்றாள் ஆதிரை. குரல் உடைந்துவிட்டது.

"வேற எப்பிடிடி வரது?"

ஆதிரை வளையல் குலுங்க எழுந்து போனாள். அடுப்படி மேடையில் காலையில் அவளுக்காக வைத்த செம்பு இருந்தது. தாய் கொடுக்க மறக்கவில்லை. மகள்தான் தொடாமல் இருந்தாள். இப்போது சிவந்த கையால் அதை எடுத்து அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "கோவம் போவலம்மா. தாகம் எடுக்குது, அதான்" என்றாள்.

"கோவம் இருக்கட்டும். இன்னொரு செம்பு தரட்டா?" என்றாள் கீர்த்திகா.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பேருந்து காலியாக வரவில்லை. தினமும் யாராவது சிவந்த கையோடு இறங்கினார்கள். பர்வீன் அக்காவின் மூத்த மகன் இறங்கினான். அவள் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள். பூட்டிய வீடுகள் திறந்தன. ஒருநாள் கடைசி ஆளாக ஜெயசீலன் இறங்கினார். கையில் பெட்டி. மறுகை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

கீர்த்திகா செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். "தண்ணி குடிங்க சார்."

பழக்கதோஷத்தில் அவர் கண் தன் பாட்டிலைத் தேடிற்று. பிறகு பைக்குள்ளிருந்து சிவந்த கையை எடுத்து வாங்கிக் குடித்தார்.

"தண்ணி இப்ப சுத்தமாயிடுச்சும்மா" என்றார். "தெளிபுரத்துல ஈயமே இல்ல. குடிக்கத்தான் ஆளு கொறைஞ்சு போச்சு." செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவராகச் சொன்னார். "உங்க அனுமதியை யாரும் ரத்து செய்யல. இங்க இருக்கறவங்கள்ல அந்த ஊருக்குள்ள போய்த் தங்க அனுமதி இருக்கற ஒரே ஆள் இப்ப நீங்கதான்."

உள்ளேயிருந்து ஆதிரை, "அம்மா, கூழு பொங்குது!" என்று கத்தினாள்.

வேப்பமரத்தடியில் கதவைத் திறந்தபடி பேருந்து நின்றுகொண்டிருந்தது. "தெளிபுரம் செல்லும் பயணிகள் ஏறிக்கொள்ளவும்" என்றது அந்தப் பெண்குரல். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழைத்தது.

"யாரும் இல்லம்மா, போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டுக் கீர்த்திகா உள்ளே ஓடினாள்.